பொடி அங்கே, தண்ணீர் இங்கே

மனித ரத்தத்திலிருந்து எடுத்து, பொடியாக்கி, பாட்டிலில் அடைத்து வைத்த ஒரு சரக்கு ரத்தமா, மருந்தா? இந்தக் கேள்வியை எந்தச் சமையலறையில் கேட்டிருந்தாலும், "பாலிலிருந்து வந்தாலும் வெண்ணெய் வெண்ணெய்தான், போய் வேலையைப் பாருங்க" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். போதாத காலம், பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டார்கள். இரண்டு வருடம், பதினொரு கமிட்டிக் கூட்டம், கூட்டத்துக்கு இரண்டு பாக்கெட் வீதம் இருபத்திரண்டு பாக்கெட் பிஸ்கட் ஆகியும் விடை வரவில்லை.

ஒருவழியாக விடை வந்துவிடும் என்று சொல்லப்பட்ட நாளன்று, காலை எட்டே முக்காலுக்கு, ஒரு பஸ் கண்டக்டர் தன் மனைவியின் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

மனைவியின் தம்பி சலூன் வைத்திருப்பவர். பிறவியிலேயே அவருக்கு ரத்தம் உறையாது. அதனாலோ என்னவோ, கீறல் விழாமல் சவரம் செய்வதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று கடை திறந்து கூட்டிக்கொண்டிருக்கையில், சுழல் நாற்காலியின் கால்மிதி வலது முழங்காலில் இடித்துவிட்டது. நாமாக இருந்தால் நாற்காலியைத் திட்டிவிட்டு மறந்திருப்போம். அவருக்கு முட்டிக்குள் ரத்தம் கசிந்து அரை மணி நேரத்தில் முட்டி பந்தாகிவிட்டது.

இடது முட்டி ஏற்கெனவே கணக்கில் இல்லை. மூன்று வருடம் முன்பு இதேபோல் இடித்துக்கொண்டு, மருந்து கிடைக்க ஒரு முழு நாள் ஆனதில், அது பாதிக்கு மேல் மடங்காது என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது வலது ஒன்றுதான். அதுவும் போனால் நின்றுகொண்டு முடிவெட்ட முடியாது. சலூனில் நாற்காலி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் வாடிக்கையாளர் அல்லவா உட்கார வேண்டும்!

மருந்து என்னவோ எளிமையானதுதான். உள்ளங்கை அகல அட்டைப் பெட்டி. அதற்குள் ஒரு பாட்டிலில் பொடி, ஒரு பாட்டிலில் சுத்தமான தண்ணீர், ஓர் ஊசிக்குழல். பொடியில் தண்ணீரைக் கலந்து நரம்பில் ஏற்றினால் கசிவு நிற்கும். இடித்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இடது முட்டி போன பிறகு இத்தனை நாளும் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தார்கள். போன மாதம் அங்கே, "உங்க ஊர்லயே புது ஏற்பாடு வருதாமே, இனிமே அங்கேயே வாங்கிக்குங்க" என்று சந்தோஷமாகக் கைகழுவிவிட்டார்கள்.

பணியில் இருந்த டாக்டரம்மா ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார். அன்று அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடத்தில் நடந்த ஒரே காரியம் அதுதான்.

"பதினொன்றரைக்குள்ள ஏத்திடணும். அதுக்கு மேல போனா இந்த முட்டிக்கு நான் உத்தரவாதம் இல்ல," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். "மருந்தகத்துல வாங்கிட்டு ஓடி வாங்க."

சலூன்காரரைத் தள்ளுவண்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கண்டக்டர் ஓடினார். பாதியில் செல்போன் அடித்தது. மனைவி. அவர் ஒரு துணி ஆலையில் மேற்பார்வையாளர், பேச அவருக்கு நேரம் கிடையாது.

"குத்தியாச்சா?"

"இப்பதான் சீட்டு..."

வைத்துவிட்டார்.

மருந்தகத்தின் ஜன்னலுக்குப் பின்னால் தலைமை மருந்தாளுநரே உட்கார்ந்திருந்தார். சீட்டை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இறக்கிவிட்டும் படித்தார்.

"இது ரத்தத்துல இருந்து வந்தது."

"ஆமா சார்."

"நாங்க மருந்து கொடுக்கிறவங்க. ரத்தம் வேணும்னா ரத்த வங்கிக்குப் போங்க."

ரத்த வங்கி அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு அடி. கண்டக்டர் அன்று எண்ணித்தான் பார்த்தார், பதினான்கு தடவை. ரத்த வங்கி அதிகாரி பாட்டிலின் படத்தைச் செல்போனில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர்போல் தலையாட்டினார்.

"இதுல பேர் போட்டிருக்கு, காலாவதித் தேதி போட்டிருக்கு, விலை போட்டிருக்கு. ரத்தத்துக்கு யாராவது விலை போடுவாங்களா? இது மருந்து. மருந்தகத்துக்குப் போங்க."

"அங்கிருந்துதான் சார் வர்றேன்."

"அவங்க அனுப்பினாங்களா? நெனச்சேன். அவங்களுக்குப் பொறுப்புன்னாலே அலர்ஜி."

கண்டக்டருக்குத் தொழிலில் இருபத்து மூன்று வருட அனுபவம். "நான் முன்னாடி ஸ்டாப்ல ஏறலை, அதுக்கு முன்னாடி ஸ்டாப்லயும் ஏறலை" என்று சாதிக்கும் பயணிகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். பஸ்ஸுக்குள்ளேயே பிறந்தவர்கள்போல் பேசுவார்கள். ஆனால் இரண்டு முனையிலும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிற பஸ்ஸை அவர் அன்றுதான் பார்த்தார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மருந்து கண்ணெதிரிலேயே இருந்தது. தாழ்வாரத்தின் நட்டநடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கம் ரத்த வங்கி, இந்தப் பக்கம் மருந்தகம். அந்தக் கோட்டின் மேலேயே, இரண்டு கால் அங்கும் இரண்டு கால் இங்குமாக, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. உள்ளே விளக்கு எரிய, அந்த அட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தன. கதவில் இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், ஒரு சாவி அவரிடம். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால்தான் திறக்கும். இருவரும் கடைசியாக ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றது ஃப்ரிட்ஜை இறக்கிய அன்று. அன்றும் யார் பக்கம் எத்தனை கால் என்பதில் சண்டை.

கண்டக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில் ரத்த வங்கி அதிகாரியின் மனம் கொஞ்சம் இளகியது.

"சரி, ஒரு பேச்சுக்கு இது ரத்தம்னே வெச்சுக்குவோம். அப்ப விதிப்படி ஃபார்ம் நிரப்பணும்." ஒரு நீளமான தாளை நீட்டினார். "நோயாளியோட ரத்த குரூப் எழுதுங்க. பக்கத்துல பொடியோட குரூப் எழுதுங்க. ரெண்டும் சேரணும்."

"பொடிக்கு ஏது சார் குரூப்?"

"தெரியலைன்னா சோதிச்சுப் பார்க்கணும்."

"பாருங்க சார்."

"பார்க்கணும்னா பாட்டிலை உடைக்கணும். உடைச்சா அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது." அதிகாரி கைகளை விரித்தார். "உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பாருங்க. அப்புறம் இன்னொண்ணு. ரத்தம் வாங்கினா பதிலுக்கு ரத்தம் கொடுக்கணும்."

கண்டக்டர் சட்டைக் கையை மடித்தார். ஒரு பாட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு, இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் ஜூஸும் கொடுத்தார்கள். அவர் கொடுத்தது உடனே போய்ச் சேர்ந்தது. அதை வாங்கிக்கொள்வது யார் பொறுப்பு என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

லேசான தலைசுற்றலோடு மருந்தகத்துக்குத் திரும்பினார். தலைமை மருந்தாளுநர் அவர் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் ரோசம் கொண்டுவிட்டார்.

"அவங்க ஃபார்ம் கொடுத்தாங்களா? எங்ககிட்ட ஃபார்ம் இல்லையா என்ன? சரி, ஒரு பேச்சுக்கு இது மருந்துன்னே வெச்சுக்குவோம். சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ஊசி சார் இது."

"ஊசிதான். நான் கேட்டது, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அவன் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"அப்ப முன்னாடி." எழுதிக்கொண்டார். "எந்த வேளை?"

"டாக்டரம்மா உடனேன்னு எழுதியிருக்காங்க."

"உடனேங்கறது ஒரு வேளையா? காலை, மதியம், ராத்திரி, இந்த மூணுதான் எங்க கட்டத்துல இருக்கு. போய் இதுல ஒண்ணை எழுதிட்டு வரச் சொல்லுங்க."

டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, 'காலை, மதியம், ராத்திரி எதுவானாலும் உடனே' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். தலைமை மருந்தாளுநர் அதைப் படித்துவிட்டு, "ஒரு நாளைக்கு மூணு தடவை உடனே," என்று கட்டத்தை நிரப்பினார். நிரப்பியவர் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"ஏன் சார்?"

"மணி பத்தே கால். பதினொரு மணிக்கு விழா. இன்னைக்குத்தான் பொறுப்பைப் பிரிச்சு ஒப்பந்தம் கையெழுத்தாகுது. அதுக்கு முன்னாடி கொடுத்தா எந்தப் பொறுப்புல கொடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க."

செல்போன் அடித்தது.

"குத்தியாச்சா?"

"விழா நடக்கப் போகுதாம்."

தறிச் சத்தத்துக்கு மேல் மனைவியின் குரல் உயர்ந்தது. "என்ன விழாவோ, முடிஞ்சதும் குத்திட்டு வாங்க," என்று வைத்துவிட்டார்.

சலூன்காரரின் முட்டி இப்போது பேன்ட்டுக்குள் அடங்காமல் போகவே, டாக்டரம்மா துணியைக் கத்தரித்துவிட்டிருந்தார். அதன் மேல் ஐஸ் பை. வலியில் முகம் வெளிறியிருந்தாலும் வாய் மட்டும் வெளிறவில்லை.

"என்ன மாமா, மருந்து வாங்கப் போன நீங்க ரத்தம் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. இன்னொரு நடை போனா கிட்னியைக் கேப்பாங்க போல."

"பேசாம இரு மாப்ளே. வலிக்குதா?"

"வலிக்குது," என்றார் சலூன்காரர். பிறகு மெதுவாக, "மாமா, இந்த முட்டியும் மடங்காம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

கண்டக்டர் தள்ளுவண்டியை விழா மண்டபத்தை நோக்கித் தள்ளினார். பொறுப்பு பிரிக்கிற இடத்திலேயே போய் நின்றுகொண்டால், பிரித்த சூட்டோடு வாங்கிவிடலாம் என்று கணக்கு.

மண்டப வாசலில் ஆஸ்பத்திரியின் சூப்பரின்டெண்டெண்ட் மாலையும் கையுமாக நின்றிருந்தார். கண்டக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்கள் விரிந்தன.

"நிஜ நோயாளியா? இந்த நோய் உள்ள நோயாளியா?"

"ஆமா சார். பதினொன்றரைக்குள்ள..."

"அடடா! ரெண்டு வருஷமா இந்த மருந்தைப் பத்தி உட்கார்ந்து பேசறோம், ஒரு நோயாளியைக்கூட எங்க கமிட்டி பார்த்ததில்லை. கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் வந்தார், அவரும் பிஸ்கட் கொண்டுவந்தவர்." சலூன்காரரின் முட்டியைப் பரவசத்தோடு குனிந்து பார்த்தார். "என்ன ஒரு வீக்கம்! தம்பி, நீங்கதான் முதல் பயனாளி. மேடையில உட்காருங்க. போட்டோக்காரரே, முட்டி தெரியற மாதிரி எடுங்க."

இப்படியாகத் தள்ளுவண்டி மேடையேறியது. கண்டக்டரும் ஏறினார். அவர் பயனாளியின் பொறுப்பாளர் என்று அறிமுகப்படுத்தப்பட்டார். பொறுப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் மண்டபத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், அப்படி ஒருவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

பதினொரு மணி விழா பதினொன்று பத்துக்குத் தொடங்கியது. முதலில் சூப்பரின்டெண்டெண்ட்.

"கடந்த ரெண்டு வருஷமா ரத்தத்திலிருந்து தயாராகும் மருந்து விஷயத்துல நம்ம ஆஸ்பத்திரியில ஒரு தப்புகூட நடக்கலைன்னு பெருமையோட சொல்லிக்கிறேன். ஏன்னா ஒரு பெட்டிகூட வெளியே போகலை! மத்த ஆஸ்பத்திரியில அவசரப்பட்டு நோயாளிக்குக் கொடுத்துடறாங்க. அப்புறம் கணக்கு சரியா வர்றதில்லை. நம்மகிட்ட போன வருஷம் அறுபது பெட்டி காலாவதி ஆச்சு. அறுபதும் அப்படியே பத்திரமா இருக்கு. அதை எந்தத் துறை தூக்கிப் போடணும்னு தனிக் கமிட்டி போட்டிருக்கோம்."

அடுத்து ரத்த வங்கி அதிகாரி.

"எங்க துறை பொறுப்பைத் தட்டிக் கழிக்குதுன்னு சிலர் பேசறாங்க. இதை நான் வன்மையா மறுக்கிறேன். தட்டிக் கழிக்கணும்னா முதல்ல பொறுப்பை ஏத்துக்கணும். நாங்க ஏத்துக்கவே இல்லையே!"

பலத்த கைதட்டல். தலைமை மருந்தாளுநர் சளைத்தவரா என்ன?

"மருந்து காலாவதி ஆகலாம். நோயாளிகூட... சரி, அதை விடுங்க. ஆனா விதி காலாவதி ஆகாது. என் முப்பது வருஷ சர்வீஸ்ல, தப்பான மருந்தை நான் ஒருத்தருக்குக்கூட கொடுத்ததில்லை. சரியான மருந்தைக் கொடுக்கும்போதும் அதே எச்சரிக்கையோடதான் இருந்திருக்கேன்."

கண்டக்டர் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்து நாலு. சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் முட்டிகளெல்லாம் வெள்ளையாக இருந்தன.

ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. சாரம் இதுதான். பெட்டிக்குள் இருக்கும் பொடி ரத்தத்திலிருந்து வந்தது, ஆகவே ரத்த வங்கியைச் சேர்ந்தது. தண்ணீர் ரத்தத்திலிருந்து வரவில்லை, ஆகவே மருந்தகத்தைச் சேர்ந்தது. ஊசிக்குழல் இரு துறைக்கும் பொது, ஒற்றைப்படை தேதிகளில் ரத்த வங்கியும் இரட்டைப்படை தேதிகளில் மருந்தகமும் வழங்கும். இதற்காக ஃப்ரிட்ஜில் இருந்த எல்லாப் பெட்டிகளும் விழாவுக்குச் சற்று முன் இருவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டு, பொடி அங்கேயும் தண்ணீர் இங்கேயும் தனித்தனித் தட்டில் அடுக்கப்பட்டுவிட்டன.

மேளதாளம் ஒன்றுதான் பாக்கி. பட்டுத்துணி விரித்த தட்டில் ரத்த வங்கி அதிகாரி பொடிப் பாட்டிலையும், அன்றைய தேதி ஒற்றைப்படை ஆகையால் ஊசிக்குழலையும் எடுத்து வந்து சலூன்காரரின் வலது கையில் கொடுத்தார். தலைமை மருந்தாளுநர் தண்ணீர்ப் பாட்டிலை இடது கையில் கொடுத்தார். போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று தட்டினார்.

"இனி கலந்து ஏத்திடலாம்ல சார்?" என்றார் கண்டக்டர். அவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

மூன்று அதிகாரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கலக்கறதா?" என்றார் சூப்பரின்டெண்டெண்ட். "கலந்துட்டா அது பொடியும் இல்லை, தண்ணியும் இல்லையே. அப்ப அது யாரோடது? அதுக்காகத்தான் ஒரு துணைக் கமிட்டி போடப் போறோம். அடுத்த மாசம் முதல் கூட்டம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்க அவருக்கு முழு உரிமை இருக்கு. எங்கேயும் இல்லாத உரிமை இது." சூப்பரின்டெண்டெண்ட் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பி நன்றியுரையைத் தொடங்கினார்.

கண்டக்டர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியை அடிக்கக் கையை ஓங்கப் போனார். அதற்குள் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, உங்க பெல்ட்டைக் கழட்டுங்க."

திரும்பிப் பார்த்தார். சலூன்காரர் ஏற்கெனவே இரண்டு பாட்டிலின் மூடியையும் கழற்றிவிட்டார். பதினாறு வயதிலிருந்து தனக்குத்தானே குத்திக்கொள்கிறவர் அவர். தண்ணீரைக் குழலில் இழுத்து, பொடியில் விட்டு, நுரைக்காமல் மெதுவாக உருட்டிக் கலந்தார். சோப்பு நுரையோடு காலம் தள்ளுகிறவருக்கு நுரைக்காமல் கலக்கவும் தெரிந்திருந்தது. கண்டக்டர் பெல்ட்டை உருவி மேல்கையில் இறுக்கினார். டாக்டரம்மா மேடைக்கு எப்படி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை, வந்து பஞ்சால் கையைத் துடைத்துவிட்டு, அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறைப்பாக நின்றார். சலூன்காரர் நரம்பைத் தொட்டுப் பார்த்தார், ஒரே குத்து. பெல்ட்டைத் தளர்த்தச் சொல்லிவிட்டுக் குழலை நிதானமாக அழுத்தினார்.

நன்றியுரை பொன்னாடை போர்த்தியவர்களைத் தாண்டி, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவர்களை எட்டியபோது ஊசி வேலை முடிந்திருந்தது. மணி பதினொன்று முப்பத்தொன்று.

"அந்தப் பாட்டிலைக் கொடுங்க தம்பி, போட்டோ எடுத்தாச்சு, ஸ்டாக்ல வைக்கணும்," என்று கையை நீட்டிய தலைமை மருந்தாளுநர்தான் முதலில் பார்த்தார். "ஐயையோ! பாட்டில் காலி!"

"மருந்து எங்கே?" என்றார் ரத்த வங்கி அதிகாரி.

சலூன்காரர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னார். "ரத்தத்துல இருந்து வந்தது சார். ரத்தத்துக்கே போயிடுச்சு."

ஓர் ஆளுக்குள் இருக்கும் மருந்தை எந்தத் துறையின் இருப்பில் காட்டுவது என்பது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. தலைமை மருந்தாளுநருக்கு ஒரு விதி மட்டும் நினைவுக்கு வந்தது. இந்த மருந்தை எதில் வைத்திருந்தாலும் அதை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். ஆகவே இவரை ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் முறை என்று அவர் ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில், அது எங்கள் பக்கத் தட்டு ஆயிற்றே என்று ரத்த வங்கி அதிகாரி குறுக்கே விழுந்தார். அந்தச் சண்டையின் மறைவில் கண்டக்டர் தள்ளுவண்டியை மேடையிலிருந்து இறக்கி, டாக்டரம்மாவின் அறையை நோக்கி, அடுத்த பஸ்ஸை முந்துகிற வேகத்தில் தள்ளினார்.

செல்போன் அடித்தது.

"குத்தியாச்சா?"

"குத்தியாச்சு," என்ற கண்டக்டர் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வீக்கம் நின்றது. நான்காம் நாள் முட்டி முழுதாக மடங்கியது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: அனுமதியின்றிக் கலக்கியது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். ஆறாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது: முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இடையில் நடந்தது இதுதான். போட்டோக்காரர் எடுத்த படம் செய்தித்தாளில் வந்துவிட்டது. 'மேடையிலேயே நோயாளியின் கால் காத்த ஆஸ்பத்திரி' என்று தலைப்பு. அதைப் பார்த்த தலைமை இயக்ககம், மருந்து வழங்கிய துறைக்குப் பாராட்டுப் பத்திரமும், துறைத் தலைவரின் அறைக்கு ஏசியும் வழங்கப்படும், வழங்கிய துறை எது என்று தெரிவிக்கவும் என்று எழுதிக் கேட்டிருந்தது. இரண்டு வருடமாக ஒருவருக்கும் சொந்தமில்லாமல் அநாதையாகக் கிடந்த மருந்துக்கு ஒரே நாளில் இரண்டு தகப்பன்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரத்த வங்கி அதிகாரி சலூனுக்கு வந்தார். கையில் ஒரு ஐஸ் பிளாஸ்க். நேராக விஷயத்துக்கு வர வெட்கப்பட்டுச் சவரத்துக்கு உட்கார்ந்தார். சலூன்காரர் கழுத்தில் துண்டைக் கட்டி, காதிலிருந்து காதுவரை நுரையைப் பூசி, கத்தியைத் தொண்டையருகே வைத்த நேரத்தில் கதவு திறந்தது. தலைமை மருந்தாளுநர். அவர் கையிலும் ஒரு ஐஸ் பிளாஸ்க்.

நாற்காலியில் இருந்த நுரை உருண்டையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தம்பி, ரகசியமா ஒரு விஷயம். அன்னைக்கு மருந்து கொடுத்தது மருந்தகம்தான்னு எங்க ரிஜிஸ்டர்ல ஒரு கையெழுத்துப் போடணும். ரிஜிஸ்டர்ல முழுப் பெட்டின்னுதான் கட்டம் இருக்கு, அதனால மாத்துச் சாவி போட்டு, எல்லாத்தையும் சேத்து முழுப் பெட்டியாவே கொண்டுவந்துட்டேன். பொடி, தண்ணி, ஊசி எல்லாம் இருக்கு. எடுத்துக்குங்க."

"பொடி ரத்த வங்கியோடதாச்சே சார்?"

"யார் சொன்னா? அந்த ஆளுக்குப் பொடியும் தெரியாது, சாம்பலும் தெரியாது. பொறுப்பில்லாத மனுஷன். ஏசி அறை கிடைச்சா அதுல உட்கார்ந்து தூங்குவார்."

நாற்காலியில் இருந்து "ம்ம்!" என்று ஒரு சத்தம் வந்தது.

"அசையாதீங்க சார்," என்றார் சலூன்காரர் அன்போடு. "கத்தி கழுத்துல இருக்கு."

மருந்தாளுநர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, இருபுறமும் பார்த்துக்கொண்டு போனார். நுரையைத் துடைத்ததும் ரத்த வங்கி அதிகாரியின் முகம் சவரம் செய்யாத இடத்திலும் சிவந்திருந்தது. தன் ரிஜிஸ்டரை நீட்டினார்.

"அவர் ஒரு பெட்டிதானே கொடுத்தார்?" என்றார். "இந்தாங்க, ரெண்டு."

சலூன்காரர் அதிலும் கையெழுத்துப் போட்டார். இயக்ககத்துக்கு இரண்டு துறையும் அத்தாட்சியோடு பதில் அனுப்பின. ஏசியை எந்த அறையில் மாட்டுவது என்று முடிவுசெய்ய ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. ஏசி அதுவரை தாழ்வாரத்தில், மஞ்சள் கோட்டின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

மூன்று பெட்டியும் கண்டக்டர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தன. சலூன் ஃப்ரிட்ஜ் இல்லாத இடம், அக்கா வீடு அடுத்த தெரு.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் கடை ஷட்டரை இறக்கும்போது சலூன்காரருக்குக் கணுக்காலில் அடிபட்டது. நொண்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அன்று ஆலைக்கு விடுமுறை, அக்காதான் கதவைத் திறந்தார். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்டக்டர் பதறிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறந்தவர் மூன்று பெட்டியையும் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க?" என்றார் மனைவி.

"இல்ல, இதுல ஒண்ணு மருந்தகத்தோடது, ரெண்டு ரத்த வங்கியோடது. முதல்ல யாரோடதை எடுக்கிறதுன்னு யோசிக்கிறேன். பின்னாடி ஏதாவது கேள்வி வந்துட்டா?"

மனைவி மூன்று பெட்டியையும் வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எது முதல்ல காலாவதி ஆகுதோ அது. நகருங்க, வழியில நின்னுக்கிட்டு."

கண்டக்டர் நகர்ந்துகொண்டார்.